நீ யார் என்று கேட்கும் கம்பி

ஆய்வகங்களில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். சிரிஞ்சு பம்ப் என்பார்கள். உள்ளே ஒரு ஸ்டெப்பர் மோட்டார், அது சுழற்றும் மரைத்தண்டு, தண்டின்மேல் ஊர்ந்து செல்லும் ஒரு கட்டை, அவ்வளவுதான். மருத்துவமனையில் நாம் காணும் அதே பிளாஸ்டிக் சிரிஞ்சைப் படுக்கவைத்துப் பூட்டிவிட்டால் கட்டை அதன் பிடியை மெல்லத் தள்ளும். 14.5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிரிஞ்சிலிருந்து மணிக்கு 1 மில்லிலிட்டர் திரவம் வெளியேற வேண்டுமென்றால், கட்டை ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். நத்தை கூட வெட்கப்படும் வேகம். ஆனால் செல் வளர்ப்புக்கும், மெதுவாக நிகழ வேண்டிய வேதிவினைகளுக்கும், மயக்கத்தில் கிடக்கும் ஆய்வக விலங்கின் இரத்தக் குழாய்க்கும் இந்த நிதானம்தான் தேவை.

பெட்டியின் முதுகில் ஒரு இணைப்பு வாய் இருக்கும். பல பம்புகளில் அது பழைய தொலைபேசிக் கம்பியின் நுனி பொருந்தும் வடிவில் கூட இருக்கும். அதன் வழியே கணினி ஆணையிடும்: இவ்வளவு விட்டம், இவ்வளவு வேகம், ஓடு, நில். பம்ப் பதில் சொல்லும். இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து செய்ய வேண்டிய வேலையை இந்த உரையாடல் செய்துவிடுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேள்வி எழலாம். என் பதில், இது ஒரு மொழியின் வரலாறு என்பதுதான். அந்தக் கம்பியில் ஓடுவது தந்தி. உவமையாகச் சொல்லவில்லை. பம்புக்கும் கணினிக்கும் இடையே நடக்கும் பேச்சின் இலக்கணம், சொற்களுக்கிடையிலான மௌனம், "நீ யார்?" என்ற கேள்வி, வரி முடிவில் வைக்கும் குறி எல்லாமே தந்தி நிலையங்களிலிருந்து வந்தவை. (நம் ஊரில் 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. ஒரு நாளிதழின் பெயரிலும் வீணையிலும் அந்தச் சொல் வாழ்கிறது. ஆய்வகத்தில் பெயரில்லாமல் வாழ்கிறது.)

பிரெஞ்சுத் தந்தித் துறை ஊழியரான எமில் போதோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் ஒவ்வொரு எழுத்தும் ஐந்து துடிப்புகளால் ஆனது. ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை. இயக்குபவர் ஐந்து விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதுவும் கருவியின் தாளத்துக்கு இசைந்து அழுத்த வேண்டும். அனுப்பும் முனையும் பெறும் முனையும் ஓயாமல் ஒரே லயத்தில் சுழன்றுகொண்டிருக்க, மனிதன் அந்த லயத்துக்குள் தன் விரல்களைச் செலுத்தினான். தாளம் தப்பினால் எழுத்து தப்பும். இன்று "பாட்" என்று நாம் சொல்லும் வேக அலகு அவர் பெயரின் சுருக்கம்.

தாளத்தின் இந்தக் கொடுமையிலிருந்து விடுதலை வந்தது சிகாகோவிலிருந்து. 1902இல் பிராங்க் பியர்ன் என்ற இளம் பொறியாளர், அச்சிடும் தந்தி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற கனவோடு உப்பு வணிகர் ஜாய் மோர்ட்டனை அணுகினார். மோர்ட்டன் தனக்குத் தெரிந்த சார்லஸ் க்ரம் என்பவரிடம் யோசனை கேட்டார். க்ரம், ஒரு குளிர்பதனக் கிடங்கு நிறுவனத்தின் பொறியாளர். பியர்ன் சீக்கிரமே விலகிவிட்டார், க்ரம் விடவில்லை. உப்பும் குளிர்பதனமும் சேர்ந்து மோர்க்ரம் என்ற நிறுவனம் பிறந்தது. சார்லஸின் மகன் ஹோவர்ட் க்ரம் 1910களில் முழுமைப்படுத்திய யோசனை இந்தக் கட்டுரையின் அச்சாணி: இரு இயந்திரங்களும் எப்போதும் ஒத்துச் சுழல வேண்டியதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்பு "தொடங்கு" என்று ஒரு துடிப்பு, பின்பு "நில்" என்று ஒரு துடிப்பு. பெறும் இயந்திரம் தொடக்கத் துடிப்பைக் கண்டதும் விழித்தெழுந்து, ஒரே ஒரு எழுத்தின் நேரம் மட்டும் அனுப்புபவனோடு ஒத்துச் சுழன்று, பிறகு நின்றுவிடும். அடுத்த எழுத்து அடுத்த நொடியில் வரலாம், அடுத்த வாரம் வரலாம்.

இதன் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரு கடிகாரங்கள் நூற்றில் மூன்று நான்கு பங்கு முன்பின்னாக ஓடினாலும் பாதகமில்லை. பிழை பத்துத் துடிப்புகளுக்குமேல் சேர்வதற்கு முன்பே எழுத்து முடிந்து கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். பிரிந்து வாழும் இருவர் ஒவ்வொரு சந்திப்பிலும் புதிதாகக் கைகுலுக்கிக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. மலிவான பம்பின் மலிவான சில்லும், விலையுயர்ந்த கணினியும் இன்றுவரை பேசிக்கொள்ள முடிவது இதனால்தான்.

கணினி வருவதற்கு முன்பே பம்புகள் தானியங்கத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் முன்னாள் இராணுவத்தினர் மருத்துவமனையில் பணியாற்றிய லியோனார்ட் ஸ்கெக்ஸ் வடிவமைத்த இரத்தப் பகுப்பாய்வுக் கருவியை 1957இல் டெக்னிகான் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல நெகிழ்குழாய்களை ஒரே வரிசை உருளைகள் நசுக்கிக்கொண்டே உருளும். நம் உணவுக்குழாய் கவளத்தை இறக்குவதைப் போல. ஒரு குழாயில் நோயாளியின் மாதிரி, ஒன்றில் வேதிப்பொருள், இன்னொன்றில் காற்றுக் குமிழி. மாதிரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் குமிழிகள் வேலி கட்டும். எது எவ்வளவு செல்ல வேண்டும் என்ற நிரல் குழாய்களின் உள்விட்டத்தில் இருந்தது. ஆணையை மாற்ற வேண்டுமென்றால் குழாயை மாற்ற வேண்டும்.

ராக்கஃபெல்லரில் புரூஸ் மெரிஃபீல்ட் செய்தது இன்னும் விநோதம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதச் சங்கிலி செய்யும் தன் முறையை 1963இல் வெளியிட்ட அவர், அதைக் கையால் செய்யும் சலிப்பைத் தாங்காமல் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு இயந்திரத்தைக் கட்டினார். 1965 வாக்கில் ஜான் ஸ்டுவர்ட்டுடன் சேர்ந்து அது இயங்கத் தொடங்கியது. பம்பையும் வால்வுகளையும் இயக்கியது ஒரு சுழல் உருளை. உருளையில் முளைகள், முளை வரும் இடத்தில் விசை அழுந்தும். இசைப்பெட்டியில் பாட்டு இருப்பதைப் போல உருளையில் வேதியியல் இருந்தது. பெர்ண்ட் குட்டேயுடன் அவர் 1969இல் அறிவித்த ரிபோநியூக்ளியேஸ் ஏ நொதியின் ஆக்கம் 124 அமினோ அமிலங்கள், 369 வேதிவினைகள், 11,931 படிகள். நோபல் பரிசு 1984இல் வந்தது. அந்த உருளைக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

குழாயும் உருளையும் நன்றாகக் கீழ்ப்படிந்தன. ஆனால் அவற்றால் பதில் சொல்ல முடியாது. மாதிரியில் சர்க்கரை ஏறுகிறது என்பதைக் கண்டு ஓட்டத்தைக் குறைக்க முடியாது. அதற்கு ஒரு கேட்பவன் வேண்டும்.

1962இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் வெஸ்லி கிளார்க்கும் சார்லஸ் மோல்னாரும் உருவாக்கிய லிங்க் என்ற கணினி, ஆய்வாளரின் அறையிலேயே வைத்துக்கொள்ளவும் ஆய்வுக் கருவிகளோடு நேரடியாக இணைக்கவும் என்றே செய்யப்பட்டது. 1965இல் 18,000 டாலர் விலைக்கு வந்த பிடிபி-8 அந்தக் கதவை அகலத் திறந்தது. அதனோடு பேச மனிதர்களுக்குக் கிடைத்த வாயும் காதும் டெலிடைப் 33 என்ற தொலையச்சுப் பொறி. டெலிடைப் என்ற பெயரை மோர்க்ரம்மின் வாரிசு நிறுவனம் 1928இல் சூட்டிக்கொண்டது. ஆக, கணினி பேசக் கற்றபோது வீட்டில் பேசப்பட்ட மொழி தந்தி. தாய்மொழியாக அதையே கற்றது. நொடிக்கு 10 எழுத்து, எழுத்துக்கு 11 துடிப்பு, அதனால் 110 பாட்.

தந்தியும் கணினியும் சந்தித்த இன்னொரு இடமும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கார்டன் பெல், தந்திச் செய்திகளைக் கணினி வழியே பிரித்தனுப்பும் ஏற்பாட்டுக்காக, தொடர்ந்து வரும் துடிப்புகளைச் சேர்த்து எழுத்தாக்கும் மின்சுற்றை வடிவமைத்தார். பலகை நிறைய இடம்பிடித்த அந்தச் சுற்றை 1971 வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒரே சில்லுக்குள் அடக்கியது. யூஆர்ட் என்று அழைக்கப்படும் அந்தச் சில்லின் வம்சம் இல்லாத பம்பைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று கடினம். கம்பியின் மின்னழுத்தங்களை வகுத்த ஆர்எஸ்-232 தரம் 1960இல் வந்தது, 1969இல் திருத்தப்பட்டது. அது தொலைபேசி மோடத்துக்காக எழுதப்பட்டது. பம்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். டெலக்ஸ் வலைப்பின்னல் 1930களில் ஜெர்மனியில் தொடங்கியது. இரவில் பூட்டிய அலுவலகத்தில் ஆளில்லாமல் பொறி ஓடிக்கொண்டிருக்கும். சரியான முகவரிக்குத்தான் செய்தி போகிறதா என்று அனுப்புபவருக்கு எப்படித் தெரியும்? அதற்கென ஒரு விசை இருந்தது. ஜெர்மன் பொறிகளில் அதன்மேல் "யார் அங்கே?" என்ற பொருளில் எழுதியிருக்கும். அதை அழுத்தினால் எதிர்முனைப் பொறியிலுள்ள சிறு உருளை ஒருமுறை சுழன்று தன் நிலையத்தின் பெயரை அனுப்பும். டெலிடைப் 33இலும் அந்த உருளை உண்டு. அதன் பிளாஸ்டிக் பற்களை வேண்டிய இடத்தில் ஒடித்துப் பெயரை எழுத வேண்டும். ஆஸ்கி எழுத்துக் குறியீடு 1963இல் வந்தபோது "நீ யார்?" என்பதற்கென்றே ஒரு இடம் ஒதுக்கினார்கள். பின்னால் அதன் பெயர் "விசாரணை" என்று மாறியது. எண் 5.

ஒரே கணினியில் பல பம்புகளைக் கோக்க வேண்டிவந்தபோது இந்தக் கேள்வி மறுபிறவி எடுத்தது. ஆர்எஸ்-232 இருவர் மட்டும் பேசும் ஏற்பாடு. மூன்றாமவருக்கு அதில் இடமில்லை. பம்ப் செய்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: கணினியிலிருந்து முதல் பம்புக்கு ஒரு கம்பி, அதிலிருந்து இரண்டாவதற்கு இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவதற்கு என்று பூத்தொடுப்பதைப் போலக் கோத்தார்கள். ஒவ்வொரு ஆணைக்கும் முன்னால் ஒரு எண். தன் எண் இல்லாத ஆணையைப் பம்ப் கேட்டும் கேளாததாக விட்டுவிட வேண்டும். சில பெரிஸ்டால்டிக் பம்புகளில் மின்சாரம் வந்தவுடன் கணினி அந்தப் பழைய எண் 5ஐ அனுப்பும். இன்னும் எண் பெறாத பம்ப், எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுப் பதில் சொல்லும். எனக்குப் பெயர் இல்லை, நீயே வை என்று பொருள். கணினி ஒரு எண்ணைச் சூட்டும்.

இந்தக் கோப்பில் உள்ள பலவீனம் எளிதில் விளங்கும். நடுவிலுள்ள பம்ப் அணைந்தால் அதற்கப்பால் உள்ளவை அனாதை. 1983இல் வந்த ஆர்எஸ்-485 இதற்கு வேறு வழி காட்டியது. இரட்டைக் கம்பி ஒன்றில் எல்லோரும் தொங்கிக்கொண்டிருப்பார்கள். 32 கருவிகள் வரை, சுமார் 1200 மீட்டர் வரை. இரு கம்பிகளுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் அது படிக்கும் என்பதால் மோட்டார்களின் இரைச்சல் அவ்வளவாக ஏறாது. ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. தொழிற்சாலைகள் இதைக் கொண்டாடின. ஆய்வகங்களோ பூத்தொடுப்பையே பெரிதும் விரும்பின, அது மலிவு என்பதால்.

மலிவின் விலை என்ன என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, எழுத்தில் நேரும் பிழை. ஆஸ்கியில் 1 என்ற எண்ணின் குறியீடு 0110001. எண் 9இன் குறியீடு 0111001. வேறுபாடு ஒரே ஒரு துடிப்பு. பக்கத்து மோட்டார் கிளம்பும்போது கம்பியில் ஏறும் ஒரு முள், 1 மில்லிலிட்டரை 9 மில்லிலிட்டர் ஆக்கிவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்கத் தந்திக்காரர்கள் ஒற்றை–இரட்டை சரிபார்க்கும் ஒரு துடிப்பைச் சேர்த்திருந்தார்கள். பம்புகளின் கையேடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் அமைப்போ எட்டுத் துடிப்பு, சரிபார்ப்பு இல்லை, ஒரு நிறுத்தம். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்காக மோடிகான் நிறுவனம் 1979இல் வெளியிட்ட மோட்பஸ் நெறியில் ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் சரிபார்ப்புத் தொகை உண்டு. அந்த எச்சரிக்கை எளிய பம்புகளுக்கு அதே அளவில் வந்து சேரவில்லை. நல்ல பம்புகளில் "பாதுகாப்பு முறை" என்று ஒன்று இருக்கும், ஆனால் அதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. அது மௌனத்தைப் பற்றியது.

பழைய தொலையச்சுப் பொறிகளில் கம்பியில் எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். டெலிடைப் 33இல் 20 மில்லிஆம்பியர். ஓட்டம் இருந்தால் ஓய்வு. துடிப்பு என்பது அந்த ஓட்டத்தில் விழும் இடைவெளி. ஆகவே கம்பி எங்கேனும் அறுந்தால் பொறி அதை முடிவில்லாத தொடக்கத் துடிப்பாக எடுத்துக்கொண்டு கடகடவென்று வெறுமையை அடிக்கத் தொடங்கிவிடும். இரவுக் காவலருக்குக் கூடக் கேட்கும். இழப்பு தன்னைத் தானே சத்தமாக அறிவித்தது. ஆர்எஸ்-232இல் ஓய்வு என்பது எதிர் மின்னழுத்தம். கம்பியைப் பிடுங்கிவிட்டால் பூஜ்யம். ஆனால் பெறும் சில்லுகள் பெரும்பாலும் அந்தப் பூஜ்யத்தையும் ஓய்வாகவே எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. பம்புக்குத் தெரிவது இவ்வளவுதான்: கணினி இப்போது எதுவும் சொல்லவில்லை. அது திருப்தியின் மௌனமா, மரணத்தின் மௌனமா என்று அதனால் பிரித்தறிய முடியாது.

மயக்கத்தில் இருக்கும் ஒரு எலிக்குப் பம்ப் மருந்து செலுத்திக்கொண்டிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் கணினி உறைந்துவிடுகிறது. பம்ப் என்ன செய்ய வேண்டும்? கடைசி ஆணைப்படி ஓடிக்கொண்டே இருந்தால் மருந்து மிகும். நின்றுவிட்டால், அது மயக்க மருந்தாக இருந்தால், விலங்கு வலியில் விழிக்கும். ஒரு வேதிவினைக் குடுவையை எடுத்துக்கொண்டால் குளிர்விக்கும் திரவத்தின் பம்ப் நிற்கக்கூடாது, வினைப்பொருளின் பம்ப் ஓடக்கூடாது. ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து நிற்கும் இரு பம்புகளுக்கு நேரெதிர் தர்மங்கள். இதைக் கம்பியால் தீர்மானிக்க முடியாது, நிரல் எழுதுபவர் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். "இத்தனை நொடிக்குள் என்னோடு பேசாவிட்டால் நின்றுவிடு" என்று பம்பிடம் முதலிலேயே சொல்லிவைப்பது ஒரு வழி. பிறகு கணினி இடையறாது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்து ஒரு மில்லிநொடிக்குச் சற்று அதிகம் பிடிக்கும்; பத்துப் பம்புகளை நலம் விசாரித்துச் சுற்றிவர அரை நொடி கூட ஆகாது. அதைச் செய்யாமல் விடுவதற்குச் சோம்பலைத் தவிர காரணமில்லை.

மனித உடலில் இந்தக் கேள்வி 1970களிலேயே வந்துவிட்டது. டொராண்டோவில் ஆல்பிஸ்ஸரும் குழுவினரும் 1974இல் விவரித்த செயற்கைக் கணையத்தில், இரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்த கணினி இன்சுலின் பம்பையும் குளுக்கோஸ் பம்பையும் மாறிமாறி இயக்கியது. படுக்கையருகே நிற்கும் பெரிய இயந்திரம் அது. அருகிலேயே மருத்துவரும் நிற்க வேண்டியிருந்தது. கணினியின் கண்ணும் பம்பின் கையும் இணைந்துவிட்டன என்ற மகிழ்ச்சியோடு, இணைப்பை யார் கண்காணிப்பது என்ற கவலையும் அன்றே பிறந்தது. 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு குறிப்பிட்ட வகை மருத்துவமனைப் பம்பைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவுறுத்தியது. மருத்துவமனை வலைப்பின்னல் வழியே அந்நியர் ஒருவர் அதன் வேகத்தை மாற்றக்கூடும் என்பது காரணம். "நீ யார்?" என்று பம்பைக் கேட்கக் கணினிக்குத் தெரியும். கணினியைத் திருப்பிக் கேட்கப் பம்புக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

2000களின் நடுவில் மடிக்கணினிகளிலிருந்து சீரியல் போர்ட் மறையத் தொடங்கியது. பம்புகள் மறையவில்லை, நன்றாகச் செய்யப்பட்ட பம்ப் இருபது ஆண்டு உழைக்கும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார்: யூ.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றும் விரல் நீளக் கம்பி. அதற்குள் ஒரு சிறு சில்லு. அவற்றில் புகழ்பெற்றவை எஃப்டிடிஐ நிறுவனத்துடையவை, போலிகளும் ஏராளம். 2014 அக்டோபரில் விண்டோஸ் மேம்படுத்தலோடு வந்த அந்நிறுவனத்தின் புதிய மென்பொருள், போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றியது. கணினிக்கு அவை இல்லாதவை ஆகிவிட்டன. தன் கம்பியில் இருப்பது போலி என்று அறியாத எத்தனையோ பேரின் கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. எதிர்ப்பு வந்ததும் நிறுவனம் அந்த மென்பொருளைத் திரும்பப் பெற்றது. போலிகளை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இரு வணிகர்களின் வழக்கில் மூன்றாமவரின் ஆய்வை நிறுத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

அதே ஆண்டில் வேறொரு காற்றும் வீசியது. மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா பியர்ஸின் குழு, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்ளக்கூடிய சிரிஞ்சு பம்பின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்து வெளியிட்டது. ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி அதை இயக்கும். சந்தையில் கிடைக்கும் பம்பின் விலையில் ஒரு சிறு பங்கே செலவு. அதைவிட முக்கியமாக, பம்பின் ஆணைமொழி திறந்தே கிடந்தது. கையேட்டைப் பூட்டிவைத்திருக்கும் நிறுவனத்திடம் மன்றாட வேண்டியதில்லை. கிளாஸ்கோவில் லீ க்ரோனின் குழு 2018இன் இறுதியில் வெளியிட்ட "கெம்ப்யூட்டர்", வலைப்பின்னலில் கோத்த பம்புகளையும் வால்வுகளையும் கொண்டு, எழுதப்பட்ட வேதியியல் செய்முறையைப் படித்து மூன்று மருந்துப் பொருள்களைத் தானே செய்துமுடித்தது. சில்டெனாஃபில் அவற்றில் ஒன்று. மெரிஃபீல்டின் உருளை ஒரே பாட்டைப் பாடும். இது புதிய தாளைக் கொடுத்தாலும் பாடும்.

இன்று வாங்கும் பம்பில் யூ.எஸ்.பி. வாய் இருக்கலாம். ஆனால் கம்பியைச் செருகியதும் கணினி பெரும்பாலும் அதை ஒரு சீரியல் போர்ட் என்றே பட்டியலிடும், வேகம் எவ்வளவு பாட் என்று கேட்கும். ஆணையை எழுதி, கடைசியில் ஒரு குறியை வைத்தால்தான் பம்ப் அதை ஆணையாக ஏற்கும். டொனால்ட் மர்ரே என்ற நியூசிலாந்துக்காரர் 1901 வாக்கில் தன் தட்டச்சுத் தந்திக்காக வகுத்த குறி அது. அச்சிடும் தலையை இடது ஓரத்துக்குத் திருப்பு என்பது அதன் பொருள். பம்பில் அப்படி ஒரு தலை இல்லை. குறி வரும்வரை அது காத்திருக்கிறது. வந்ததும் மோட்டார் ஒரு படி நகர்கிறது.